பைக் டயர் மாற்றப் போகிறீர்களா? பேளுக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேளுக்குறிச்சியிலும் கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலும் பைக் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. தோட்டத்துக்குப் போவதும் சந்தைக்கு மூட்டை ஏற்றுவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். அந்த வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் முதலில் வரும் கவலை பணம்தான். எங்கே வாங்கினால் குறைவாக ஆகும், எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டயர் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். டயரின் பட்டனுக்கு (தரையைப் பிடிக்கும் மேல் வார்ப்பு) இடையே பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடுகள் தெரியும். அவைதான் தேய்மானக் குறி. பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மேடு எங்கே இருக்கிறது என்று காட்ட, டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ அச்சிட்டிருப்பார்கள்.

சட்டத்திலும் இதற்கு ஒரு அளவு உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது கடைசி எல்லை. மலைப்பாதையில் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது இந்தப் பள்ளங்கள்தான். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் டயரை மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் நன்றாக இருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தாலோ எங்காவது புடைத்திருந்தாலோ அதுவும் மாற்ற வேண்டிய டயர்தான். அதிகம் ஓட்டாமல் வெயிலில் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிகளில் இப்படி ஆகும்.

கடைக்குப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டயரின் அளவு. அது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். உதாரணமாக 80/100-18 என்று இருந்தால், 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

புதிய ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிகளில் 80/100-18 இருக்கும், பழைய ஸ்ப்ளெண்டர்களில் 2.75-18 இருக்கும். ஒரே பெயருள்ள வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் அளவு மாறுவதால், "ஸ்ப்ளெண்டர் டயர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் போதாது. செல்போனில் டயரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் 54பி என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிக்கும். 47 என்றால் அந்த டயர் 175 கிலோ தாங்கும், 54 என்றால் 212 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. மூட்டை ஏற்றுகிறவர்கள் சுமை எண்ணைக் கட்டாயம் பாருங்கள். பழைய டயரில் உள்ள எண்ணை விடக் குறைந்ததை, விலை குறைவு என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா?

உங்கள் ரிம்தான் இதை முடிவு செய்கிறது. கம்பி ரிம் என்றால் பெரும்பாலும் டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும். கம்பி கோத்த துளைகள் வழியாகக் காற்று கசிந்துவிடும். அலாய் ரிம் (ஒரே வார்ப்பான உலோகச் சக்கரம்) என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ் போடலாம். ஆனாலும் எல்லா அலாய் ரிம்மும் அதற்கென்று செய்யப்பட்டதல்ல என்பதால், இப்போது உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப்லெஸ் போட வழி இருந்தால் அதையே போடுங்கள். ஆணி குத்தினால் டியூபில் காற்று சட்டென்று இறங்கிவிடும். டியூப்லெஸ்ஸில் மெதுவாகத்தான் இறங்கும். மலை வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது, வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்ட அந்த நேரம் கிடைக்கிறது.

எங்கே வாங்கலாம்?

உங்களுக்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, ஊரிலேயே இருக்கும் மெக்கானிக் அல்லது பஞ்சர் கடை. அளவைச் சொன்னால் டயரை வரவழைத்து மாட்டித் தருவார்கள். அலைச்சல் இல்லை, ஒரு நாள் கூலி போகாது. ஆனால் எந்தக் கம்பெனி டயர், எப்போது செய்தது என்பதில் உங்களுக்குத் தேர்வு குறைவு. பில் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஒரு பக்கம் சேந்தமங்கலம், நாமக்கல், இன்னொரு பக்கம் ராசிபுரம், சேலம் என்று உள்ள டயர் கடைகள். பல கம்பெனி டயர்களை அருகருகே வைத்து விலை கேட்கலாம், பேரம் பேசலாம். நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் டயர் வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பல கடைகள் லாரி டயருக்கானவை. இரு சக்கர டயரும் மாட்டும் மெஷினும் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, உங்கள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். அளவு தவறாது, வேலை ஒழுங்காக நடக்கும். தள்ளுபடியை மட்டும் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நான்காவது, ஆன்லைன். சில நேரம் விலை உண்மையிலேயே குறைவாக இருக்கும். ஆனால் டயர் எப்போது செய்தது என்பது பார்சல் பிரித்த பிறகுதான் தெரியும். வெளியில் வாங்கிய டயரை மாட்ட உள்ளூர்க் கடைக்காரர் கூடுதலாகக் கேட்கலாம். பிறகு ஏதாவது கோளாறு என்றால் முன்னால் நின்று பேச ஆள் இருக்காது. திருப்பி அனுப்பும் வசதியைப் படித்துப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

எந்த வழி மலிவு?

டயரின் விலையை மட்டும் பார்த்தால் பதில் தவறாகிவிடும். மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். டயர், டியூப் அல்லது புது வால்வு, மாட்டுக் கூலி, போக வர பெட்ரோல், போகும் கூலி நாள் எல்லாம் அதில் சேரும். டவுனில் இருநூறு ரூபாய் குறைகிறது என்று போய், அரை நாள் வேலையை விட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. எப்படியும் வேறு வேலையாக நாமக்கல்லோ ராசிபுரமோ போகிற நாளில் இதையும் சேர்த்துக்கொண்டால் அந்த இருநூறு ரூபாய் உங்களுடையது.

டயர் மிகவும் தேய்ந்திருந்தால் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிப் போகாதீர்கள். உள்ளூர் மெக்கானிக்கிடம் சக்கரத்தை மட்டும் கழற்றச் சொல்லி, அதை எடுத்துப் போய் டயர் மாட்டி வரலாம்.

போனில் விசாரிக்கும்போது எல்லாக் கடையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணா, பின் டயர், 80/100-18, டியூப்லெஸ். இந்த வருஷத்து டயர் இருக்குங்களா? வால்வு, மாட்டுக் கூலி, பில் எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க?" இப்படிக் கேட்டால்தான் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் உண்மையான வித்தியாசம் தெரியும்.

டயர் கம்பெனிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றனவே, இங்கே விலை குறையாதா?

எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. யூரோகிரிப் டயர் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் ஆலை மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. ஆனாலும் ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக விலை இறங்குவதில்லை. குறைவது பெரும்பாலும் வியாபாரி தன் லாபத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடிதான். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வரி ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் நன்மை வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 1,500 ரூபாய் உள்ள டயர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 1,920 ரூபாய் ஆகியிருக்கும், இப்போது 1,770 ரூபாய். 150 ரூபாய் மிச்சம். பில்லில் எத்தனை சதவீதம் வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பில் எதற்கு? இல்லாமல் வாங்கினால் குறையுமே?

டயரில் தயாரிப்புக் குறை இருந்தால் கம்பெனி மாற்றித் தரும், அல்லது தேய்ந்த அளவைக் கழித்து ஈடு செய்யும். அதைக் கேட்கக் கையில் பில் வேண்டும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்காக அந்த உரிமையை விடாதீர்கள். பில் வந்ததும் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயர், ரீட்ரெட் டயர் வாங்கலாமா?

வேண்டாம். ரீட்ரெட் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டுவது) லாரித் தொழிலில் காலம் காலமாக நடக்கிறது. லாரியின் பின்பக்கம் பல சக்கரங்கள் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. பைக்குக்கு இரண்டே சக்கரம். வளைவில் வண்டி சாயும்போது டயரின் ஓரம்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒட்டு அங்கே விட்டால் சமாளிக்க இன்னொரு சக்கரம் கிடையாது.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது 70 முறையும், பிரேக்கைப் பிடித்தபடி இறங்கும்போது 70 முறையும் வண்டி சாய்கிறது. யாரோ ஓட்டிக் கழித்த, எத்தனை பஞ்சர் போட்டதென்று தெரியாத டயரை நம்பி இந்தப் பாதையில் போகக் கூடாது.

கைச்செலவைக் குறைத்தே ஆக வேண்டுமா? பிரபலக் கம்பெனியின் விலை கூடிய ரகத்துக்குப் பதில் அதே கம்பெனியின் சாதாரண ரகத்தைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருக்க வேண்டும். அது இல்லாத புது டயரை நம் நாட்டில் விற்பதே சட்டப்படி தவறு.

ஒரு டயருக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது. எதை மாற்றுவது?

அதிகம் தேய்ந்ததை மாற்றுங்கள். பெரும்பாலும் அது பின் டயராகத்தான் இருக்கும். எஞ்சினின் இழுப்பும் மூட்டையின் பாரமும் அதன் மேல்தான் விழுகின்றன. ஆனால் முன் டயரும் எல்லையைத் தொட்டிருந்தால், அந்த வண்டியில் மலை இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். பின்னால் தேய்ந்த டயரைக் கழற்றி முன்னால் மாட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் எதைப் பார்ப்பது?

செய்த தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. மிகவும் பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் டயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமா?

நில்லுங்கள், நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், டியூப் என்றால் புது டியூப். சின்னச் செலவுதான், பழையதை வைத்து மாட்டினால் பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டி வரும். காற்று அடித்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஏறி இறங்கினால் டயர் சரியாக உட்காரவில்லை. கடைசியாக, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரம் என்றால் செயின் தளர்ச்சியும் பிரேக்கும் சரிபார்த்தாக வேண்டும்.

காற்றின் அளவு வண்டியின் கையேட்டிலோ, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். டயர் சூடாகாத காலை நேரத்தில், வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைந்து ஓடும் டயரின் இரு ஓரங்களும் சீக்கிரம் தேய்ந்துவிடும். காசில்லாமல் டயரின் ஆயுளைக் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

புது டயர் போட்ட அன்றே மலை ஏறலாமா?

கூடாது. அச்சிலிருந்து எடுத்த புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது தேய்ந்து சொரசொரப்பாகும் வரை பிடிப்பு முழுதாக வராது. முதல் 150 கிலோமீட்டர் வரை சேந்தமங்கலம், ராசிபுரம் என்று சமதரைச் சாலைகளிலேயே ஓட்டுங்கள். வேகம் வேண்டாம், திடீர் பிரேக் வேண்டாம், வளைவில் அதிகம் சாய்க்க வேண்டாம். அந்த நாட்களில் ஒருமுறை காற்றையும் அச்சாணி நட்டையும் மறுபடி பார்த்துவிடுங்கள். அதன் பிறகு மூட்டை ஏற்றலாம், காரவள்ளி வழியாக மலையும் ஏறலாம்.