நீலப் புள்ளிக்கு நீளம் உண்டா?

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கற்பனைப் பயணம் போவோமா?

உங்கள் குடும்பத்துடன் சென்னையிலிருந்து ஒரு பெரிய வண்டியில் புறப்படுகிறீர்கள். சாதாரண வண்டி அல்ல. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த 'கேரவன்'. சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நம் வண்டியின் நீளம் 12 மீட்டர், அகலம் 2.6 மீட்டர், உயரம் 3.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செங்கற்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி எல்லாம் கடந்தாயிற்று. போக வேண்டிய ஊர் விழுப்புரத்தை அடுத்துப் பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூர்.

தேவாரம் பாடிய மூவரும் பாடிய பழைய ஊர் அது. அங்கே சுவாமி கோயில் கிழக்கு நோக்கியும் அம்மன் கோயில் மேற்கு நோக்கியும் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே சாலை. அந்தச் சாலையில் நிற்பவருக்குத் திசைகாட்டியே தேவையில்லை; இரண்டு வாசல்களும் திசையைச் சொல்லிவிடும்.

நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் திரும்பப் போகிறீர்கள். கையில் உள்ள கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளி நகர்கிறது. "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது ஒரு குரல். ஓட்டுநர் திரும்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த நீலப் புள்ளிக்கு நீளம் உண்டா? அகலம் உண்டா? உயரம் உண்டா? ஒன்றும் இல்லை! சைக்கிளில் போனாலும் கேரவனில் போனாலும் அதே புள்ளிதான். பெரிய வண்டியில் போகிறவர் எந்தக் கருவியை நம்புவது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

வழியில் நின்ற 240 சக்கரங்கள்

வழி தெரிவது ஒன்று, வழி போதுவது வேறொன்று என்பதை இந்த வட்டாரமே ஒரு முறை கண்ணால் கண்டது. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசிக்கு அருகில் உள்ளது கொரக்கோட்டை. அங்கே வெட்டி எடுத்த ஒரே கல்லில் ஒரு பெரிய சிலை உருவாயிற்று. எடை சுமார் 350 டன். அதைப் பெங்களூரில் உள்ள ஈஜிபுராவுக்குக் கொண்டு செல்ல 240 சக்கரங்கள் கொண்ட வண்டி வந்தது. 2018 டிசம்பரில் பயணம் தொடங்கியது.

இத்தனை சக்கரங்கள் எதற்கு? 350ஐ 240ஆல் வகுத்துப் பாருங்கள். வண்டியின் சொந்த எடையைச் சேர்க்காமலே ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஏறக்குறைய ஒன்றரை டன் வருகிறது. சக்கரங்கள் குறைந்தால் சாலை தாங்காது.

எடைக்கு வழி கண்டாயிற்று. அகலத்துக்கு? திண்டிவனம் பக்கத்திலுள்ள வெள்ளிமேடுபேட்டையில் சாலை குறுகியது, வண்டி நின்றது. அது கடந்து போவதற்காகச் சாலையோரத்தில் இருந்த கட்டடங்களின் பகுதிகளை இடிக்க வேண்டியதாயிற்று. செஞ்சியிலும் அதே சிக்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலம் இந்த எடையைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. ஆற்றுக்குள்ளே தற்காலிகமாக மண் பாதை போட நேர்ந்தது. சிலை பெங்களூரை எட்டியபோது 2019 ஜூன் மாதம் பிறந்துவிட்டது. சாதாரணமாக ஒரே நாளில் போய்விடும் தூரம், அதற்கு ஆறு மாதம்!

பெங்களூருக்கு வழி எது என்று அந்த வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். அந்த வழியில் அந்த வண்டி நுழையுமா என்பதுதான் ஒவ்வொரு ஊரிலும் கேள்வி.

வானம் சொல்வது நேரத்தை

நீலப் புள்ளி எங்கிருந்து வருகிறது? பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சைகை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில், வருகிறது. உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வந்து சேர விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இப்படி நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் உங்கள் இடம், உயரம், சரியான நேரம் மூன்றும் தெரிந்துவிடும்.

கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் என்ன ஆகும்? தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை வரும்! ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, மேலே உள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். விழுப்புரத்தில் நிற்கும் நீங்கள் விக்கிரவாண்டியில் நிற்பதாகக் காட்டினாலும் வியப்பில்லை.

நம் நாட்டுக்கும் இத்தகைய அமைப்பு உண்டு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 'நாவிக்' என்பது அதன் பெயர். தொடக்கத்தில் அனுப்பியவற்றுள் சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023இல் சென்ற செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம் பெற்றது.

இவ்வளவு நுட்பம் இருந்தும், திறந்த வானத்தின் கீழே கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். நடந்து போகிறவருக்கு இது பெரிதல்ல. ஆனால் நெடுஞ்சாலையில் மேம்பாலமும் அதன் ஓரத்துச் சேவைச் சாலையும் சில மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. நீங்கள் கீழே போய்க்கொண்டிருக்க, மேலே போவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். கார் என்றால் அடுத்த திருப்பத்தில் திரும்பி வந்துவிடலாம். 12 மீட்டர் வண்டி எங்கே திரும்பும்?

வரைபடம் சொல்லாதது

சரி, நல்ல வரைபடம் ஒன்றை வாங்கிவிட்டால்? இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடங்களில் 1:50,000 என்ற அளவில் அமைந்தவை பெயர் பெற்றவை. வரைபடத்தில் ஒரு செ.மீ. என்பது தரையில் அரை கி.மீ. அப்படியானால் 5 மீட்டர் அகலமுள்ள ஊர்ச்சாலை வரைபடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும்? கணக்குப் போடுங்கள். ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்! அவ்வளவு மெல்லிய கோடு கண்ணில் படாது. ஆகவே சாலையைத் தடித்த கோடாக வரைகிறார்கள். அந்தக் கோடு "இங்கே சாலை உண்டு" என்று சொல்கிறது. "இது இத்தனை அகலம்" என்று சொல்வதில்லை. கைப்பேசி வரைபடத்தின் கோடும் அப்படித்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய வண்டிகளுக்கென்றே தனி வழிகாட்டிக் கருவிகள் விற்கின்றன. வண்டியின் உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டால், தாழ்வான பாலங்களையும் எடை தாங்காத சாலைகளையும் விலக்கி வழி சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாலத்தின் உயரத்தை யாராவது அளந்து அதற்குள் பதிந்திருக்க வேண்டும். அளக்காத ஊரில் அந்தக் கருவியும் வெறும் நீலப் புள்ளிதான்.

பின்சக்கரத்தின் குறுக்கு வழி

சாலையின் அகலம் 5 மீட்டர். வண்டியின் அகலம் 2.6 மீட்டர். தாராளமாகப் போகலாமே என்று தோன்றும். நேரான சாலையில் போகலாம். திருப்பத்தில்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் சைக்கிளின் இரு சக்கரங்களையும் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த சிமெண்டுத் தரையில் மெதுவாக வளைந்து ஓட்டுங்கள். இரண்டு தடங்கள் தெரியும். பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்துக்கு உள்பக்கமாகப் போயிருக்கும்.

ஏன்? பித்தாகரசைக் கேட்போம். வண்டி ஒரு வட்டத்தில் திரும்பும்போது வட்டத்தின் மையம், முன் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம் ஆகின்றன. மையத்திலிருந்து முன் அச்சுக்கு உள்ள தூரம் கர்ணம். நம் கேரவனின் இரு அச்சுகளுக்கும் இடையே 6 மீட்டர். முன் அச்சு 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது என்போம். 100இலிருந்து 36ஐக் கழித்தால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதாவது பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில்தான் போகும். முன்சக்கரம் போன வழியை விட்டு 2 மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும்! அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள கார் இதே வட்டத்தில் சென்றால் 30 செ.மீ.கூட உள்ளே வராது.

அந்த 2 மீட்டருக்குள் ஒரு வீட்டுத் திண்ணை இருக்கலாம், மின்கம்பம் இருக்கலாம், நின்றுகொண்டிருக்கும் ஒரு குழந்தையும் இருக்கலாம். பேருந்து திரும்பும்போது நடத்துனர் தலையை வெளியே நீட்டி "ரைட், ரைட், ஹோல்டான்" என்று குரல் கொடுப்பது சும்மா அல்ல.

நேற்றைய சாலை, இன்றைய வெள்ளம்

இன்னொரு சங்கதி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மூடிப் போக்குவரத்து நின்றுபோனது. அன்றும் அச்சிட்ட வரைபடத்தில் அந்தச் சாலை நேற்றுப் போலவே இருந்தது. ஒரு தாளுக்கு எப்படி வெள்ளம் தெரியும்?

எதை எடுத்துச் செல்வது?

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரே கருவி போதாது என்பது விளங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

1. அளவு நாடா. வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் ஓர் அட்டையில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டுங்கள். உயரத்தை அளக்கும்போது கூரைமேல் வைத்த பெட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும்.

2. செயற்கைக்கோள் கருவி. இது இடம் அறிவதற்கு. வரைபடத்தை முன்னதாகவே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். 'டவர்' கிடைக்காத இடத்திலும் செயற்கைக்கோள் சைகை வரும். வராமற் போவது வரைபடம்தான்.

3. தாள் வரைபடம். முழு வழியையும் ஒரே பார்வையில் பார்க்கவும், பெரிய வண்டி திரும்பி வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளவும் இது உதவும். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

4. ஊர்க்காரர். தேநீர்க் கடையில் நிறுத்திக் கேளுங்கள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "ஐயா, திருவாமாத்தூருக்கு இது வழியா?" என்றால் "ஆமாம் தம்பி, நேராப் போங்க" என்று பதில் வரும். "கரும்பு லாரி இந்த வழியில் போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கரும்பு விளையும் வட்டாரம் இது. உயரமாக ஏற்றிய கரும்பு லாரி போகிற வழி எது, போகாத வழி எது என்பது அவருக்குத் தெரியும்.

5. இரண்டு கால்கள். ஐயம் வந்தால் வண்டியைப் பெரிய சாலையிலேயே நிறுத்துங்கள். ஒருவர் இறங்கி நடந்து போய்த் திருப்பத்தைப் பார்த்து வரட்டும். கோயில்வரை கடைசித் தூரத்தை எல்லோரும் நடந்தே போனாலும் தவறில்லை!

நம் ஊரில் கேரவன் எங்கே வரப்போகிறது என்கிறீர்களா? வராமலே இருக்கட்டும். ஆனால் ஒரு நாள் தீயணைப்பு வண்டி வர நேரலாம். இரவில், அவசரத்தில், ஊர் தெரியாத ஓட்டுநரோடு அது வரலாம். அப்போது இறங்கிப் பார்த்து வர நேரம் இராது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை. நண்பர்கள் நால்வர் சேர்ந்து அளவு நாடாவுடன் புறப்படுங்கள். உங்கள் தெருவில் மிகக் குறுகிய இடம் எது, அதன் அகலம் என்ன என்று அளந்து குறியுங்கள். வண்டிகள் வராத நேரத்தில் அளப்பது நல்லது. தாழத் தொங்கும் கம்பியைத் தொடவோ நாடாவால் அளக்கவோ கூடாது. இருக்கும் இடத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன் சொன்ன கணக்கைப் போட்டு, 6 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டி உங்கள் தெருமுனையில் திரும்ப முடியுமா என்று பாருங்கள். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தில் இத்தகைய அளவுகளை யார் வேண்டுமானாலும் பதியலாம். முடியாது என்று விடை வந்தால், அந்தக் கணக்குத் தாளை ஊராட்சித் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.