தகர டப்பாவில் ஓர் அடுப்பு

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல்

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், இராமேசுவரம் கடற்கரையோரம் மூன்று கல் கூட்டி உலை வைத்தவர்களுக்குத் தெரியும், அனலில் பாதியைக் காற்றே கொண்டுபோய்விடும். பெரிய பால்மாவு டப்பா ஒன்று இருந்தால் இத்தொல்லை இல்லை, சுமக்கவும் எளிது.

டப்பாவின் அடியோரம் சுள்ளி நுழைய ஒரு வாய் வெட்டுக. வாயின் நடு உயரத்தில், பழைய சைக்கிள் சக்கரக் கம்பிகள் நான்கைக் குறுக்கே செருகுக. சுள்ளி கம்பிமேல் எரியும். கீழே காற்று நுழையும். மேல் விளிம்பையொட்டி விரல் பருமனில் புகைத் துளைகள் வேண்டும். வெட்டிய ஓரங்களைக் குறடால் மடித்துத் தட்டினால் கை கிழியாது, தகரமும் விறைப்பாகும். பள்ளி வாசலை மிதியாத என் தந்தையார் கற்றுத்தந்த வேலை இது. மடிப்பு ஏன் வலிமை தருகிறது என்று நான் படித்துவந்து விளக்கியபோது, “அது தெரியாமலா மடித்தேன்?” என்று சிரித்தார்.

இத்தகரம் வெள்ளீயம் பூசிய இரும்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகுவதால், தீ பட்டதும் பூச்சுக் கெட்டு இரும்பு வெளிப்படும். பிறகு நம் உப்புக்காற்று விடுமா? 1914-இல் திறந்த பாம்பன் இரயில் பாலத்திலேயே துருவினால் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. ஆகவே சமைத்து முடிந்து ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்.

துத்தநாகம் பூசிய வாளியில் அடுப்புச் செய்யலாகாது. கடுஞ்சூட்டில் எழும் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். ஆனால் சட்டிக்கு அதுவே ஏற்றது. அதன் அடர்த்தி 2.7, இரும்புக்கு 7.9.

எரிக்கச் சீமைக்கருவேலச் சுள்ளி போதும். அடுப்பின் வாயை மட்டும் காற்றுக்கு நேரே வைக்காமல் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும்.