குழாய்க்கு யார் பணம் கொடுப்பது?



மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டிலாகவும் மருந்தாகவும் குளுக்கோஸ் பாட்டிலாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்களோடு வருகிறவர்களைக் குணமாக்கி, அதே குடிநீரையும் அதே சாக்கடை ஓரத்தையும் நோக்கித் திருப்பி அனுப்புகிறோம். சில வாரங்களில் அதே வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். ஆகவே இந்த இதழில் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே உள்ள ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய்க்கும் பாதாள சாக்கடைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அதனால் யார் பிழைக்கிறார்கள்?

முதலாவது, கணக்கைப் பார்ப்போம். பூமிக்கடியில் போடும் குழாய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதற்கான செலவோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். எந்த நகராட்சியும் ஓராண்டு வரி வசூலைக்கொண்டு இதைச் செய்ய முடியாது. எனவே கடன் வாங்கிக் கட்டி, பயன்படுத்துகிற தலைமுறையே சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்துவதுதான் நியாயமான வழி.

இலண்டன் மாநகரம் இப்படித்தான் செய்தது. 1858ஆம் ஆண்டு கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தபோது, அதுவரை தள்ளிப்போட்டுவந்த சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. 30 இலட்சம் பவுண்டு கடன் வாங்கவும், வீட்டு வரியில் ஒரு பவுண்டுக்கு 3 பென்ஸ் வீதம் 40 ஆண்டுகள் வசூலித்து அதை அடைக்கவும் ஏற்பாடாயிற்று. ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் பெரும் கால்வாய்களைக் கட்டினார்.

ஆனால் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை ஒரே நேரத்தில் முடியவில்லை. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, கழிவுநீர் ஏற்பாடு இன்னும் முடிவடையாத, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்கு இலண்டனையே அது பெரும்பாலும் தாக்கியது. அங்கே ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். பணம் ஒதுக்கினால் போதாது. எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பதும் உயிர்ப் பிரச்சினையே.

இரண்டாவது உதாரணம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். அது செல்வம் மிகுந்த துறைமுகம். எல்பே நதி நீரை வடிகட்டாமலே வீடுகளுக்கு அனுப்பிவந்தது. வடிகட்டும் நிலையம் கட்டும் யோசனை பல ஆண்டுகள் பேசப்பட்டது. செலவை யார் ஏற்பது என்ற வாதத்தில், நகர சபையில் செல்வாக்குப் பெற்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் இழுத்தடித்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே நதியிலிருந்தே நீர் எடுத்தாலும், 1859 முதல் மணல் வடிகட்டிகள் வழியாகச் செலுத்தியது.

1892இல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். இரு நகரங்களின் எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காற்று ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்; குழாய் நீர்தான் வேறு. வருமானம் குறைந்தவர்களே மிக அதிகமாக மாண்டார்கள். பல ஆண்டுகள் இழுபட்ட வடிகட்டி நிலையம் 1893இல் இயங்கத் தொடங்கியது. அன்று மிச்சப்படுத்தப்பட்ட வரிப்பணத்துக்கு ஈடாக எத்தனை சவப்பெட்டிகள் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையை அடுத்திருந்த ஆலந்தூர் நகராட்சியில் (2011 முதல் அது சென்னை மாநகராட்சியின் பகுதி) முன்பு செப்டிக் டேங்குகளே இருந்தன. லாரிகள் வந்து கழிவை அள்ளிச் சென்றன. 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 34 கோடி ரூபாயில் பாதாள சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. நகராட்சியும் குடியிருப்போர் சங்கங்களும் வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொன்னார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று முன்பணம் பெறப்பட்டது. குழி தோண்டுமுன்னே மக்கள் பணம் கட்டினார்கள்! மீதிக்குக் கடனும் மானியமும் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் பணி தொடங்கியது.

கடன் கொடுப்போரின் நம்பிக்கையைத் தனியாகப் பெறமுடியாத சிற்றூர்களின் நிலை என்ன? அதற்கும் தமிழ்நாடு ஒரு வழி கண்டது. 2002–03இல் 13 சிறு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்த் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. ஒரு குச்சியை முறிப்பது எளிது, கட்டை முறிப்பது அரிது என்பதே இதன் தத்துவம். ஓர் ஊர் தவணை தவறினாலும் முதலீட்டாளர் பணம் உடனே மூழ்கிவிடாது என்பதால் குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கிடைக்கிறது.

இவ்வளவும் நல்லதே. ஆயினும் ஒரு திட்டம் ஏழைக்கும் நன்மையாக முடிகிறதா என்பதை அறிய மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. இணைப்புக் கட்டணத்தைத் தினக்கூலிக்காரர் கட்ட முடியுமா? 5,000 ரூபாய் சம்பளக்காரருக்குச் சிரமம். கூலிக்காரருக்குப் பெரும் சுமை. தவணை முறையோ சலுகையோ இல்லாவிட்டால், தெருவில் குழாய் போகும், குடிசைக்குள் வராது.

2. பட்டா இல்லாதவர்கள் வரைபடத்தில் இருக்கிறார்களா? இலண்டனின் கிழக்குப் பகுதி கற்றுத் தந்த பாடம் இதுவே.

3. பராமரிப்புக்குப் பணம் உண்டா? இயந்திரத்துக்கு நிதி ஒதுக்காத இடத்தில் அடைப்பு எடுக்க ஒரு மனிதனை இறக்கிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தும், சாக்கடைக்குள் விஷவாயு தாக்கி இறப்போரின் செய்தி நின்றபாடில்லை. நம்முடைய சுகாதாரத்துக்கு அடுத்தவர் உயிர் விலையாகக் கூடாது.

நண்பர்களே, தர்மம் செய்யும் கை வேறு, வரி கட்டும் கை வேறு என்று நாம் நினைத்துவிடுகிறோம். மருத்துவமனைக்கு ஆயிரம் ரூபாய் மகிழ்ச்சியோடு கொடுப்போம். கழிவுநீர்க் கட்டணம் நூறு ரூபாய் உயர்ந்தால் முணுமுணுப்போம். வீணடிப்பையும் ஊழலையும் கேள்வி கேட்பது நம் உரிமை, கேட்கவும் வேண்டும். ஆனால் நியாயமான வரியை எதிர்க்கும் நேரத்தில் ஹாம்பர்க்கை நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் காணிக்கை இன்று வரும் நோயாளியைக் காப்பாற்றுகிறது. அதற்காக எங்கள் நன்றி. அடுத்த பிள்ளை நோயாளியாகவே வராமல் காக்கும் வேலை உங்கள் நகராட்சியில் நடக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரைச் சந்தித்து மேற்கண்ட மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எங்கள் கட்டில்கள் காலியாகக் கிடந்தால் நாங்கள் வருத்தப்படமாட்டோம்.