மெத்தையில் இருந்த சூடு

அப்பா டாக்டர் என்பதால் 1980களில் என் பள்ளி நாட்கள் இங்கிலாந்தில், பர்மிங்காமில் கழிந்தன. லீவு விட்டால் போதும், பக்கத்து வார்விக்‌ஷயரில் இருக்கும் பேட்ஸ்லி கிளின்டன் மாளிகைக்குப் போகணும் என்று அடம் பிடிப்போம். சுற்றிலும் அகழி, நடுவே ஐநூறு வருஷத்துக்கும் மேல் பழமையான வீடு.

தம்பி நேரே நூலக அறைக்கு ஓடுவான். அங்கே தரையில் ஒரு 'ரத்தக்கறை' உண்டு. தன் மனைவியின் தாடையைத் தொட்டுக் கொஞ்சிய பாதிரியாரை வீட்டுக்காரர் கொன்ற இடமாம். (அது பிற்பாடு யாரோ ஊற்றிய பன்றி ரத்தம் என்றும் சொல்வார்கள்!)

எனக்குப் பிடித்தது சமையலறை. அதன் அடியில் பழைய சாக்கடைச் சுரங்கம் இருக்கிறது. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. அப்போதும் துணிந்து, இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்களைத் தங்க வைத்தவர்கள் இரண்டு பெண்கள். விதவையான எலினர் புரூக்ஸ்பி, அவர் தங்கை ஆன் வாக்ஸ்.

1591 அக்டோபரில் ஒருநாள், காலை ஐந்து மணிக்கு வீரர்கள் வந்து கதவை இடித்தார்கள். வேலைக்காரர்கள் வாசலிலேயே மறிக்க, பாதிரியார்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். படுக்கையில் கை வைத்தால் சூடு காட்டிக் கொடுத்துவிடுமே? மெத்தைகளைத் திருப்பிப் போட்டார்களாம், குளிர்ந்த பக்கம் மேலே வருகிற மாதிரி! அக்கா பயந்த சுபாவம். அவரையும் ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்காரியாக ஆன் எதிரே நின்றார். நாலு மணி நேரம் தேடினார்கள். கீழே தண்ணீரில் நின்றவர்களில் ஒருவரும் அகப்படவில்லை. தேடி வந்தவர்களுக்குக் கூலியும் இவர்களே கொடுக்க வேண்டியிருந்ததாம். அநியாயத்தைப் பாருங்கள்!

இதைக் கேட்ட அம்மா, "அத்தனை பேருக்குச் சமைச்சா, சாமான் கொண்டு வர்றவனுக்கே தெரிஞ்சிடுமே! எப்படித்தான் மறைச்சாங்களோ" என்றார். பாதிரியார்களின் வீரம் பற்றி நிறையப் பேசுகிறவர்கள் இதை ஏனோ யோசிப்பதில்லை.

1606-ல் பாதிரியார் ஹென்றி கார்னெட் லண்டன் டவரில் சிறைப்பட்டபோது, அவருக்கும் ஆனுக்கும் ரகசியக் கடிதங்கள் போய் வந்தன. ஆரஞ்சுச் சாற்றில் எழுதியவை. அவை பிடிபட்டன, கார்னெட் தூக்கிலிடப்பட்டார். ஆனும் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் கத்தோலிக்கப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

ஆரஞ்சு சமாசாரத்தைச் சொன்னவர், அங்கே அறையில் உட்கார்ந்து விளக்கம் சொல்லும் ஒரு பாட்டி. வீடு திரும்பியதும் எலுமிச்சைச் சாற்றில் என் பெயரை எழுதி, அம்மாவின் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் காட்டினேன். பழுப்பு நிறத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது.