பழைய ஒயர், புது ஒட்டு

கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள். உத்தரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, மழைக்கு ஓடு ஒழுகுமா என்றெல்லாம் கேட்பார்கள். மீட்டர் போர்டுப் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, வேறென்ன பார்க்க இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்த வீடுகளில் ஒயரிங் ஒரே தடவையில் முடிந்த வேலை அல்ல. பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது, மேட்டூர் 1937-ல். அந்தக் காலத்தில் இணைப்பு வாங்கிய வீட்டில், தேக்குச் சட்டத்தில் இரண்டு காடி வெட்டி, போகும் ஒயர் ஒன்றிலும் திரும்பும் ஒயர் மற்றதிலுமாகப் படுக்கவைத்து, மேலே மெல்லிய பலகையால் மூடியிருப்பார்கள். பிறகு சுவரில் ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டுக் கவ்விய ஒயர் வந்தது. அதற்கும் பின்னால் சுவருக்குள் பைப். மகன் கல்யாணத்துக்கு மாடியில் ஏசி மாட்டியபோது இழுத்தது தனி. ஒரே வீட்டில் நான்கு காலத்து வேலை ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கும். என்னைக் கேட்டால், மூத்த ஒயரைவிட அதில் போட்ட இளைய ஒட்டுகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூத்த ஒயர் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. அன்றைய ஒயரின் மேலுறை ரப்பர். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பைத் தின்னும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பொருள்தான், ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. குண்டு பல்புக்கு நேர்மேலே இருந்த ஒயர் பல வருடம் அந்தச் சூட்டிலேயே வெந்திருக்கும். இப்போது எல்இடி மாட்டியிருக்கலாம், வெந்தது வெந்ததுதான்.

அப்படி ஒரு வீட்டில் வயதான ஒயர்மேன் ஒருவர் மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி சீலிங் ரோஸின் மூடியைத் திருகியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே ஒயர் பழைய முறுக்குபோல இருந்தது. விரல் பட்டதும் உறை துண்டு துண்டாகக் கையில் உதிர்ந்தது. கீழே நின்ற வீட்டுக்கார அம்மாளிடம் அவர் சொன்னார்: “தொடாம விட்டா இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா. ஆனா நீங்க விடமாட்டீங்க. ஃபேன் மாத்துவீங்க, ஒரு பிளக் பாயிண்ட் கேப்பீங்க. எவனாவது வந்து இதை வளைச்சுத் திருகுவான்.”

அலுமினிய ஒயர் வேறு ரகம். செம்பு கிடைக்காத, விலை கட்டாத காலத்தில் அதைத்தான் இழுத்தார்கள். கம்பியில் பழுது இருக்காது, முனையில்தான் எல்லாம். சூட்டில் செம்பைவிட அதிகம் நீளும், ஆறினால் சுருங்கும், ஸ்குரூவின் அழுத்தத்தில் நசுங்கும். நாளடைவில் பிடி தளரும். காற்றுப் பட்ட இடத்தில் கரண்டை விடாத ஓர் ஏடு படியும். தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். சுவிட்ச் போர்டு வெதுவெதுப்பாக இருப்பது, பிளக்கைச் சுற்றிப் பழுப்பு ஏறுவது, மீன் வாடைபோல் ஒரு நாற்றம், சுவிட்ச் போடும்போது ‘சர்ர்’ என்ற சத்தம் எல்லாம் பெரும்பாலும் இப்படித் தளர்ந்த முனையின் வேலை. அலுமினிய முனையில் செம்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

லோடு கணக்குக்கு வருவோம். பழைய ஒயர்மேன்கள் 1/18 என்பார்கள்: 18 கேஜில் ஒற்றைக் கம்பி, இன்றைய அளவில் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோவுக்கு அது தாராளம். இன்று 2,000 வாட் கீசர் மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கிறது. இண்டக்ஷன் அடுப்பும் அதே அளவு, ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு. கரண்ட் மூன்று மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு ஒன்பது மடங்காகும். அந்தச் சூட்டைத் தடுக்கத்தான் பியூஸ். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ. கம்பி போதும். அடிக்கடி போகிறதே என்று எரிச்சல்பட்டு, கையில் கிடைத்த ஒயரிலிருந்து நாலு இழையைப் பிய்த்துக் கட்டாத வீடு எது? பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. வந்தபின் அதே காரியம் நாகரிகமாக நடக்கிறது: 10 ஆம்பியர் விழுகிறதென்று 32 மாட்டிவிடுகிறார்கள். இனி எம்.சி.பி. விழாது, ஒயர்தான் உருகும்.

எர்த்தில்தான் பல வீடுகள் தோற்கின்றன. இரண்டு துளை பிளக் பாயிண்ட் இருந்தால் அங்கே எர்த்தே இல்லை. மூன்று துளை இருந்தாலும் நம்ப முடியாது. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் துளைக்குக் கொடுத்திருப்பார்கள். சோதித்தால் எர்த் இருப்பதுபோலவே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் கதவிலும் வாஷிங் மெஷினின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். நியூட்ரலிலும் பியூஸ் போட்ட பழைய போர்டுகள் உண்டு. அந்த பியூஸ் போனால் வீடு இருட்டாகும், ஃபேஸ் ஒயரில் உயிர் இருக்கும், கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கைவைப்போம்.

நிஜ எர்த் இருந்தாலும், கொல்லையில் புதைத்த பைப்பைச் சுற்றி மண் காய்ந்து 10 ஓம் தடை காட்டினால், கசிவு அதிகபட்சம் 23 ஆம்பியர். தன் அளவுக்குக் கிட்டத்தட்ட இருமடங்கு ஓடினால்தான் பியூஸ் கம்பி உருகும் என்பதால், கீசரின் 15 ஆம்பியர் பியூஸ் அசையாது. அதனால்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். போன கரண்டும் திரும்பிய கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் அது துண்டித்துவிடும். விலை ஒரு மிக்ஸி விலைக்குள் அடங்கும்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி.யை மாட்டியதும் விழுந்துகொண்டே இருக்கும். ரப்பர் உதிர்ந்த இடத்தில் ஈரச்சுவர் வழியே கசிவு இருக்கும், அல்லது அந்த நியூட்ரல் துண்டு எங்கேயோ ஒளிந்திருக்கும். “பீஸ் டிஃபெக்ட் சார்” என்று சொல்லி அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. விழுந்தால் அது சொல்வதைக் கேட்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது பாதிதான். மீதிக்கு மெக்கர் வேண்டும். மெயினை அணைத்து, பல்புகளையும் சாமான்களையும் கழற்றி, சுவிட்சுகளைப் போட்டுவைத்து, 500 வோல்ட் கொடுத்து உறையின் தடையை அளப்பார்கள். 50-ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது பழைய இந்தியத் தரக் கணக்கு. வீடு முழுக்கச் சேர்த்து 1 மெகா ஓம் இருந்தால் போதும். மின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டரிடம் மெக்கர் இருக்கும். டெஸ்டரை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்து “ஒயரிங் ஓகே” என்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்றப் பணம் இல்லையென்றால் வரிசை இது: முதலில் எர்த் குழியும் ஆர்.சி.சி.பி.யும். அடுத்து கீசர், ஏசி, சமையலறை மூன்றுக்கும் போர்டிலிருந்து தனித்தனி லைன், 2.5 அல்லது 4 சதுர மி.மீ. செம்பில், அதற்கேற்ற எம்.சி.பி.யோடு. இந்த லோடு இறங்கினால் பழைய லைனுக்குப் பல்பும் ஃபேனும்தான் மிஞ்சும். ரப்பர் ஒயர் மட்டும் எங்கிருந்தாலும் எடுத்துவிட வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவராக இருந்தால் அதை வெட்டிப் பைப் பதிக்க வேண்டாம். பூச்சு போனால் அதே கைவேலை திரும்பக் கிடைப்பது கஷ்டம். பழைய தேக்குச் சட்டம் போன தடத்திலேயே பிளாஸ்டிக் கேசிங் ஓட்டலாம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். ஆனால் எலி கடித்தாலும் ஒயர் சூடானாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.