நேரம் நிலவுடையது, உயரம் கரையுடையது

கடல் மட்டம் நாள்தோறும் தவறாமல் உயர்ந்து தாழ்வதே ஓதம். கரையோர மக்கள் ஏற்றம், வற்றம் என்று சொல்வதும் இதைத்தான். கடலின் வேறெந்த அசைவையும்விட இது நம்பகமானது. ஒரு புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதைப் பத்து நாளுக்கு முன் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு தைப்பூசத்தன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓதம் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடும், எவ்வளவு உயரும் என்பதை இன்றே கணக்கிட்டுவிடலாம். இந்தக் கணக்கை நம்பித்தான் பல துறைமுகங்களில் கப்பல்கள் உள்ளே வருகின்றன. காயல்களில் வலை கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் மாநகராட்சிகள் வடிகால்களைக் கவனிக்கின்றன.

நிலவும் சூரியனும்

நிலவின் ஈர்ப்பு பூமியின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இல்லை. நிலவை நோக்கிய பக்கம் பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாகவும், மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இழுக்கப்படுகிறது. இந்த வேறுபாடுதான் இரு பக்கமும் கடல்நீரைப் புடைக்கச் செய்கிறது. பூமி சுழல்வதால் பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வருகின்றன. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இன்று காலை 6 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 6.50-க்குத்தான் வரும்.

பூமியின் மீது சூரியனின் ஈர்ப்பு நிலவினுடையதைவிடச் சுமார் 180 மடங்கு வலியது. இருந்தும் ஓதத்தை எழுப்புவதில் சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிகூட இல்லை. ஓதத்துக்கு முக்கியம் ஈர்ப்பின் அளவல்ல, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே அது எவ்வளவு மாறுகிறது என்பதே. தொலைவு கூடும்போது இந்த வேறுபாடு வெகுவேகமாகக் குறைந்துவிடும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அட்டமியை ஒட்டி இரண்டும் செங்குத்தாக நிற்பதால் ஓதம் அடங்கியிருக்கும்.

கரை செய்யும் வேலை

நிலவு ஒன்றுதான்; ஆனால் ஓதத்தின் அளவு கரைக்குக் கரை மாறுகிறது. உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையிலான வித்தியாசம் கொழும்பில் அரை மீட்டரை ஒட்டியும் கொச்சியில் ஒரு மீட்டருக்குக் குறைவாகவும் இருக்கிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். மும்பையில் நான்கு மீட்டருக்கு மேல். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் உள்ள பாவ்நகரில் பத்து மீட்டரைத் தாண்டும்.

இதற்குக் காரணம் கடலடியின் ஆழமும் கரையின் வடிவமும். காம்பே வளைகுடா தெற்கே அகன்று, வடக்கே போகப்போகக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே வருகிறது. உள்ளே நுழைந்த நீருக்குப் பரவ இடமில்லாததால் மேலே எழுகிறது. உலகிலேயே மிகப் பெரிய ஓதம் எழும் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வேறொரு காரணமும் சேர்கிறது. அந்த வளைகுடாவின் நீர் தானாக ஒருமுறை போய்வர ஆகும் நேரம் ஓதத்தின் 12 மணி 25 நிமிடத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் வீச்சு கூடுவதைப்போல, அங்கே ஏற்றம் 16 மீட்டர்வரை போகிறது.

ஓதம் சிறுத்த மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியாவின் மேற்குக் கரை அதிர்ச்சி தந்ததில் வியப்பில்லை. கி.மு. 325-இல் சிந்து நதியின் கழிமுகத்தில் அலெக்சாண்டரின் கப்பல்கள் திடீரெனத் தரை தட்டி நின்றன. திரும்பி வந்த நீர் அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ நர்மதை முகத்துவாரத்தின் ஓத வேகத்தை எச்சரிக்கையோடு விவரிக்கிறது. மன்னனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் எதிர்கொண்டு வந்து, ஏற்றத்தோடு கப்பலை நகர்த்தியும் வற்றத்தில் நிறுத்தியும் பரிகாசா எனப்பட்ட பரூச் துறைக்குக் கொண்டுசேர்த்ததையும் அது பதிவுசெய்கிறது.

அலங்கும் பொக்காளியும்

அதே காம்பே வளைகுடாவின் ஓதம் இன்று ஒரு தொழிலையே தாங்கி நிற்கிறது. பாவ்நகருக்குத் தெற்கே உள்ள அலங்கில் 1983 முதல் பழைய கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. ஆயுள் முடிந்த கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் உச்சத்தை நெருங்கும்போது கேப்டன் முழு வேகத்தில் அதைக் கரையை நோக்கிச் செலுத்துவார். அடிப்பாகம் சேற்றில் வழுக்கி ஏறி நிற்கும். சில மணி நேரத்தில் கடல் பின்வாங்கிவிட, பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் வெறும் சேற்றுத் திடலில் நிற்கும். முன்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குவார்கள். எடை குறையக் குறைய, அடுத்தடுத்த ஏற்றங்களில் விஞ்சு வைத்து மேலே இழுத்துக்கொள்வார்கள். உலர் துறை கட்டும் செலவு மிச்சம். ஆனால் எண்ணெயையும் வண்ணப்பூச்சுக் கழிவையும் ஒவ்வொரு ஓதமும் கடலுக்குக் கொண்டுபோகிறது என்ற குற்றச்சாட்டு இந்த முறைமேல் நெடுங்காலமாக உண்டு.

கேரளத்தில் எர்ணாகுளத்தைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்களில் சிறிய ஓதமே போதுமானதாக இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை, மழை உப்பைக் கழுவிய வயலில் உவர்ப்பைத் தாங்கும் பொக்காளி நெல் விளைகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயல் இறால் பண்ணை. வரப்பில் உள்ள மதகுப் பலகையை ஏற்றத்தின்போது தூக்கினால் காயல் நீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். இரவில் குஞ்சுகளை ஈர்க்க மதகின் மேல் விளக்கு கட்டுவதும் உண்டு. வற்றத்தில் நீரை வெளியேவிடும்போது மதகு வாயில் வலையைப் பொருத்தி, வளர்ந்த இறாலைப் பிடிப்பார்கள். நல்ல அறுவடை கிடைப்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். அறுத்த நெல்லின் தாள் இறாலுக்கு இரையாகிறது. இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாகிறது.

தமிழகக் கரையில் ஓதம் சிறிது. கரையோரமாக நகரும் மணலோ அதிகம். உள்ளே வெளியே போய்வரும் நீருக்கு மணலை அடித்துச்செல்லும் வலு போதாததால் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் மணலால் அடைபடுகின்றன. பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்தால் ஏரிக்குள் கடல்நீர் வருவது குறைந்து இறால் வரத்து சரிகிறது. படகுகளும் கடலுக்குப் போக முடிவதில்லை. அங்குள்ள மீனவர்கள் தூர்வாரக் கோருவது இதனால்தான்.

கணக்கு பிறந்த கதை

ஓதத்துக்கு ஈர்ப்பே காரணம் என்று 1687-இல் நியூட்டன் விளக்கினார். நீர் வெறுமனே புடைத்து நிற்பதில்லை, அலையாக ஓடுகிறது என்பதைச் சமன்பாடுகளாக்கியவர் பிரான்சின் லாப்லாஸ். பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தாம்சன், சிக்கலான ஓதத்தைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கும் முறையை வகுத்து, 1870-களில் அதற்கென ஓர் இயந்திரமும் அமைத்தார். ஒவ்வோர் அலைக்கும் ஒரு சக்கரம். எல்லாக் கப்பிகளின் மேலும் ஓடும் ஒரே கம்பி. அதன் முனையில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதம் சில மணி நேரத்தில் தாளில் வரைந்து முடியும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-இல் லண்டனில் தனி இயந்திரம் ஒன்று உருவானது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க வேண்டிய நேரமும் இத்தகைய இயந்திரங்களின் கணக்கைப் பார்த்தே முடிவானது.

இந்தியாவில் முறையான ஓத அளவீட்டை இந்திய நில அளவைத் துறை 1877-இல் தொடங்கியது. கிணறு போன்ற குழாயில் மிதவை. அதோடு இணைந்த பேனா. கடிகார விசையில் சுழலும் காகித உருளை. இதுவே அன்றைய ஓதமானி. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகளில் பதிவானது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த நிலநடுக்கத்தின் அளவைக் கணிக்க அந்தக் கோடுகள் உதவின. ரயில் நிலைய மஞ்சள் பலகையில் காணும் ‘கடல் மட்டத்துக்கு மேல்’ என்ற உயரத்துக்கும் அடிப்படை இதே அளவீடுதான். சென்னை, நாகப்பட்டினம் உள்பட ஒன்பது துறைமுகங்களின் ஓதப் பதிவுகளிலிருந்து பெற்ற சராசரி மட்டத்தைக் கொண்டே 1909-இல் நாட்டின் உயர அளவை வலை சீரமைக்கப்பட்டது.

ஓதம் பூமியின் சுழற்சியையும் பாதிக்கிறது. கடலடியில் உராயும் நீர் அந்தச் சுழற்சியைச் சிறிது சிறிதாகத் தணிப்பதால், ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 2 மில்லிநொடி கூடுகிறது. பூமி இழக்கும் சுழல் உந்தம் நிலவுக்குப் போய், அது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. அப்போலோ வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளந்தார்கள். டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களின் வளர்ச்சிக் கோடுகளை 1963-இல் எண்ணிய ஜான் வெல்ஸ், அன்று ஓராண்டுக்குச் சுமார் 400 நாட்கள் இருந்ததாகக் கண்டார்.

மின்சாரமும் வெள்ளமும்

ஏற்றத்தில் நீரைத் தேக்கி, வற்றத்தில் சுழலிகள் வழியே விட்டு மின்சாரம் எடுக்கலாம். பிரான்சின் லா ரான்ஸ் நிலையம் 1966 முதல் 240 மெகாவாட் திறனுடன் இயங்குகிறது. தென்கொரியாவின் சிஹ்வா நிலையத்தின் திறன் 254 மெகாவாட். காம்பே, கட்ச் வளைகுடாக்களில் வாய்ப்பு பெரிதாக இருந்தும், கட்டுமானச் செலவு இந்தியாவைத் தயங்க வைத்திருக்கிறது.

நகரங்களுக்கோ ஓதம் வெள்ளக் கணக்கின் பகுதி. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது கடலும் ஏற்றத்தில் இருந்தது. வடிகால்கள் கடலுக்குள் நீரைத் தள்ள முடியாமல் நகரம் மூழ்கியது. கடலின் சராசரி மட்டம் உயர்ந்து வருவதால் ஒவ்வோர் ஏற்றமும் முன்பைவிட உயரமான இடத்திலிருந்து தொடங்குகிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதன்முதலாக வந்தபோது கட்டுப்பாடுகளை அளக்கத் தேர்ந்த தொடக்கக் கோடு உயர் ஓதக் கோடுதான். இன்று அந்தக் கோட்டை வரையறுப்பது சென்னையில் இயங்கும் நிலைத்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம். கடலோரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்ப்பதோடு, அந்த இடம் உயர் ஓதக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் வரைபடத்தில் சரிபார்த்துவிடுவது நல்லது.