பல்லடைப்பும் மண்சுவரும்

கோடைக்காலத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த சமவெளியில் குளங்கள் வற்றுகின்றன. அப்போது ஈரம் புலர்ந்த வண்டல் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் காண்கிறோம். மண்ணின் இவ்வியல்பை அறிந்த நம் முன்னோர், சுவர் எழுப்புங்கால் களிமண்ணோடு மணலையும் கலந்தனர். ஓரடுக்கு உலர்ந்த பின்னரே மறு அடுக்கு வைத்தனர். இவ்விரண்டு முறைகளும் இன்று பல் மருத்துவர்க்குத் துணை நிற்கின்றன என்பது வியப்பன்றோ?

சொத்தைப் பல்லைக் குடைந்து தூய்மை செய்து, அக்குழியைப் பல்லின் நிறமுடைய பிசினால் அடைப்பர். குழைவான அப்பிசின் நீல ஒளி பட்டவுடன் இறுகும், இறுகும்போது சுருங்கும். சேறு நீரை இழந்து சுருங்குகிறது. பிசினோ எதனையும் இழப்பதில்லை. விலகி நின்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நெருங்குவதே அதன் சுருக்கத்திற்குக் காரணமாகும். சுருங்கிய அடைப்புப் பல்லைவிட்டு விலகினால் மயிரிழை போன்ற இடைவெளி தோன்றும். அவ்வழியே எச்சிலும் கிருமிகளும் நுழையும். மேலே அடைப்பு நன்றாகத் தோன்ற, உள்ளே பல் அரிக்கப்படும். நோவு தோன்றும்போது பல்லைக் காத்தல் அரிதாகிவிடலாம்.

முற்காலத்து அக்ரிலிக் அடைப்பின் மூலநீர்மம், தனித்து இறுகுங்கால் கன அளவில் நூற்றுக்கு 21 பங்கு வரை சுருங்கும். இக்குறையைப் போக்க முயன்றவர் ரேபல் போவன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர். அவர் பருத்த மூலக்கூறுகளையுடைய புதிய பிசினை ஆக்கி, 1962இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மூலக்கூறு பெரிதாயின் ஒரே அளவு பிசினில் பிணைப்புகள் குறையும், சுருக்கமும் குறையும். அதனோடு நுண்ணிய சிலிக்காத் தூளையும் மிகுதியாகக் கலந்தார். தூள் சுருங்குவதில்லை, ஆதலின் மண்சுவரில் மணல் செய்யும் பணியை அது செய்தது. இக்காலக் கலவைகள் பலவும் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு அளவே சுருங்குகின்றன.

2007இல் சைலோரேன் என்னும் பிசின் விற்பனைக்கு வந்தது. அதன் மூலக்கூறுகள் வளையங்களை உடையவை. பிணையுங்கால் வளையங்கள் திறந்து நீளும். அந்நீட்சி நெருக்கத்தை ஓரளவு ஈடுசெய்யும். இதனால் சுருக்கம் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைந்தது. ஆயினும் அதற்கெனத் தனி ஒட்டுப்பசை வேண்டியிருந்தது.

சுருக்கம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆகவே மருத்துவர் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவுள்ள அடுக்குகளாகப் பிசினை வைத்து, ஒவ்வோரடுக்கையும் ஒளியால் இறுகச் செய்வர்.

மாணவர்களே! சிறு வெடிப்பென்று இகழாமை சுவர் வைப்போர்க்கும் அறிஞர்க்கும் பொதுவாகும். அடைத்த பல்லாயினும் அதனை நாள்தோறும் துலக்கி, உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டுதல் நம் கடனாகும்.